லினக்ஸ் லேப்டாப் தூங்கி எழாமல் போனால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

லேப்டாப் சஸ்பெண்டிலிருந்து எழவில்லை என்று தேடினால், ஏழெட்டு கெர்னல் பாராமீட்டர்களை (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு பூட் நேரத்தில் கொடுக்கும் அமைப்புகளை) வரிசையாக அடுக்கி ‘இதையெல்லாம் பூட் மெனுவான கிரப்பில் போட்டுப் பாருங்கள்’ என்று சொல்லும் பதில்கள்தான் முதலில் கண்ணில் படும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தற்செயலாகச் சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது, தேவையில்லாத மற்றவை பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும், பின்னால் கெர்னல் மாறும்போது அதில் ஒன்றே புதுக் கோளாறுக்குக் காரணமாகவும் ஆகலாம்.

சஸ்பெண்ட் என்பது ஒரே ஒரு வேலை கிடையாது. முதலில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாம் உறைய வைக்கப்படும், பிறகு ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தைத் தூங்க வைக்கும், பிறகு ஒரு சிபியு கோர் தவிர மற்றவை அணைக்கப்படும், கடைசியில் பொறுப்பு ஃபர்ம்வேரிடம், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளிடம் போகும். எழும்போது இதே படிகள் தலைகீழாக நடக்கும். இதில் எந்தப் படியில் விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் மருந்து தானாகத் தெரியும். அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள டிஸ்ட்ரோக்களை, அதாவது உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது

உங்கள் லேப்டாப் எந்த வகைத் தூக்கம் தூங்குகிறது என்று தெரிய வேண்டும். ‘கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்’ என்று அடித்தால் எஸ்2ஐடில், டீப் என்ற இரண்டு சொற்களில் ஒன்றோ இரண்டுமோ வரும், இப்போது நடப்பில் இருப்பதைச் சுற்றி சதுர அடைப்புக்குறி இருக்கும். டீப் என்றால் பழைய எஸ்3 தூக்கம்: சிபியுவுக்கு மின்சாரமே போகாது, ரேம் மட்டும் உயிரோடு இருக்கும், எழும்போது ஃபர்ம்வேர் முதலில் ஓடி அப்புறம்தான் கெர்னலிடம் கட்டுப்பாட்டைத் தரும். எஸ்2ஐடில் என்றால் மெஷின் உண்மையில் அணைவதே இல்லை. எல்லாச் சாதனங்களையும் அடக்கிவிட்டு சிபியு மிக ஆழமான ஓய்வு நிலையில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் உலகில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று சொல்வதற்கு இணையானது இதுதான்.

இந்த வித்தியாசத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்3-இல் எழாமல் போனால் சந்தேகம் ஃபர்ம்வேர் மேலும் டிஸ்ப்ளே டிரைவர் மேலும் போகும். எஸ்2ஐடிலில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் தன் சாதனத்தைச் சரியாக அடக்கவில்லை, அல்லது சரியாக எழுப்பவில்லை என்று பொருள்.

இரண்டு சொற்களும் வந்தால் நல்ல வாய்ப்பு, ஒன்றில் விழும் மெஷின் மற்றொன்றில் ஒழுங்காகத் தூங்கக்கூடும். ரூட் உரிமையோடு அதே கோப்பில் டீப் என்றோ எஸ்2ஐடில் என்றோ எழுதினால் அடுத்த தூக்கத்துக்கே அது நடப்புக்கு வந்துவிடும், ரீபூட் தேவையில்லை. சரியாக இருந்தால் அப்புறம் ‘மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்’ என்ற பாராமீட்டரால் நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். எஸ்2ஐடில் மட்டும்தான் வருகிறது என்றால் ஃபர்ம்வேர் எஸ்3-ஐ வழங்கவே இல்லை. டீமெசேஜில் (கெர்னல் செய்திகளைக் காட்டும் dmesg கட்டளையில்) ‘ஏசிபிஐ: சப்போர்ட்ஸ் எஸ்0 எஸ்4 எஸ்5’ என்பதுபோல எஸ்3 இல்லாத வரி இருக்கும். அந்த நிலையில் டீப் என்று பாராமீட்டர் போடுவது எதையும் மாற்றாது. சில திங்க்பேட்களில் மட்டும் பயாஸ் செட்டப்பில் ஸ்லீப் ஸ்டேட் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை லினக்ஸ் என்று மாற்றினால் எஸ்3 கிடைக்கும். 2018-இல் வந்த எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறைக்கு இந்தத் தேர்வு பின்னால் வந்த பயாஸ் அப்டேட்டில்தான் கிடைத்தது. ஆகவே பயாஸ் பழையதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு மேலே போங்கள், ‘எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர்’ மூலமாகவே பல மாடல்களுக்கு அது முடியும்.

அடுத்தது லாக். கட்டாயமாக அணைத்து மறுபடி பூட் செய்த பிறகு ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ என்று அடித்தால் முந்தைய பூட்டின் கெர்னல் லாக் வரும், அதில் கடைசிக்குப் போங்கள். ‘பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி’ என்ற வரி தூங்கப் போனதையும் ‘பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட்’ என்ற வரி எழுந்ததையும் சொல்லும். என்ட்ரி இருந்து எக்ஸிட் இல்லையென்றால், போகும் வழியிலோ தூக்கத்திலோ எழும் வழியிலோ விழுந்திருக்கிறது. எக்ஸிட்டும் இருந்து அதற்குப் பிறகும் வரிகள் ஓடுகின்றன என்றால், நீங்கள் செத்துவிட்டது என்று நினைத்த மெஷின் சாகவே இல்லை, திரைதான் வரவில்லை. இந்த ஒரு சோதனையே பல மணி நேர அலைச்சலைத் தவிர்க்கும்.

ஒரு எச்சரிக்கை. லாக்கில் ‘ஏசிபிஐ பயாஸ் எரர்’ என்று சிவப்பில் வரும் வரிகளைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒழுங்காகத் தூங்கி எழும் லேப்டாப்களிலும் அவை ஏராளமாக இருக்கும். ஒவ்வொரு பூட்டிலும் வரும் வரி பெரும்பாலும் குற்றவாளி இல்லை. தூங்கும் நேரத்தில் மட்டும் வருவதைத் தேடுங்கள்.

அறிகுறி: விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கும் முன் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் அது கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே மீள முடியாமல் நின்றுவிட்டது, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

உயிரோடு இருந்தால் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எல்சிடி திரையாக இருந்தால், மங்கலாக லாக் ஸ்கிரீனின் கடிகாரமோ மவுஸ் அம்போ தெரியும் வாய்ப்பு உண்டு. தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள், அதிலும் வராவிட்டால் ‘/சிஸ்/கிளாஸ்/பேக்லைட்’ கீழே உள்ள பிரைட்னஸ் கோப்பில் நேரடியாக ஒரு எண்ணை எழுதிப் பாருங்கள். எழுதினதும் திரை வந்தால் டிஸ்ப்ளே டிரைவரின் பேக்லைட் பகுதியில்தான் கோளாறு. ஓஎல்இடி திரைக்கு இந்த டார்ச் வைத்தியம் பொருந்தாது, அதில் பின்விளக்கே கிடையாது.

டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லையா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரை வருகிறதா என்று பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் இன்னொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையுங்கள். இதற்காகவே தூங்க வைக்கும் முன் எஸ்எஸ்எச் சர்வரை நிறுவி ஐபி முகவரியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே நுழைய முடிந்தால் டீமெசேஜ் முழுவதும் உங்கள் கையில் இருக்கும், இதைவிட வசதியான நிலை இல்லை.

இன்டெல் கிராபிக்ஸ் என்றால் முதலில் சோதிக்க வேண்டியது ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’. பிஎஸ்ஆர் என்பது திரையில் மாற்றம் இல்லாதபோது பேனல் தன் படத்தைத் தானே காட்டிக்கொண்டிருக்கும் மின்சேமிப்பு வசதி. எழுந்த பிறகு திரை கருப்பாகவோ உறைந்தோ நின்றாலும், விட்டுவிட்டு மினுக்கினாலும் சந்தேகத்தை முதலில் இதன் மேல் வைக்கலாம். ஏஎம்டியில் இதற்கு ஒப்பானது ‘ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0x10’. இவற்றை உடனே கிரப் கோப்பில் எழுதிவிடாதீர்கள். பூட் மெனு வரும்போது ‘இ’ விசையை அழுத்தி லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து பூட் செய்தால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் பொருந்தும், தவறென்றால் அடுத்த பூட்டில் தானாகப் போய்விடும்.

ஏஎம்டியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். தூங்கப் போகும் முன் கார்டின் நினைவகத்தில் இருப்பதை டிரைவர் ரேமுக்கு மாற்றி வைக்க வேண்டும். பிரவுசரில் நிறைய டேப் திறந்து ரேம் நிறைந்து கிடந்தால் அதற்கு இடம் இருக்காது. அதிக புரோகிராம்கள் திறந்திருக்கும்போது மட்டும் தூக்கம் கெடுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

என்விடியா கொஞ்சம் தனிக்கதை. அதன் சொந்த டிரைவரில் வீடியோ நினைவகத்தை முழுமையாகக் காப்பாற்ற ‘என்வி‌ரெக்_பிரிசர்வ்வீடியோமெமரிஅலோகேஷன்ஸ்=1’ என்ற மாட்யூல் ஆப்ஷன் (கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டுக்கான அமைப்பு) வேண்டும், கூடவே என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெஸ்யூம், என்விடியா-ஹைபர்னேட் என்ற மூன்று சிஸ்டம்டி சர்வீஸ்களும் எனேபிள் ஆகியிருக்க வேண்டும். ஆப்ஷன் போட்டு சர்வீஸை விட்டுவிட்டால் தூங்கவே மறுக்கும். சர்வீஸ் மட்டும் இருந்து ஆப்ஷன் இல்லையென்றால் எழுந்த பிறகு ஜன்னல்களில் கோலம் கோலமாகக் குப்பை தெரியும். நினைவகத்தைச் சேமிக்கும் தற்காலிகக் கோப்பு வழக்கமாக /டெம்ப்-இல் உருவாகும். பல டிஸ்ட்ரோக்களில் /டெம்ப் ரேமிலேயே இருப்பதால் இடம் போதாமல் போகும், ஆகவே ‘என்விரெக்_டெம்பரரிஃபைல்பாத்’ ஆப்ஷனில் /வார்/டெம்ப் என்று கொடுத்து, வீடியோ நினைவகத்தின் அளவைவிடச் சற்று அதிகமாகவே அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன் உண்மையில் ஏறியிருக்கிறதா என்பதை ‘/ப்ராக்/டிரைவர்/என்விடியா/பாராம்ஸ்’ கோப்பு சொல்லும்.

சிஸ்டம்டி 256-ஆம் பதிப்புக்கு மாறிய பிறகு என்விடியா மெஷின் கெட்டது என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பதிப்பிலிருந்து தூங்கும் முன் பயனர் செஷன்களை சிஸ்டம்டியே உறைய வைக்கிறது, என்விடியா டிரைவரோடு இது மோதுவது தெரிந்த விஷயம். ‘சிஸ்டம்டி_ஸ்லீப்_ஃப்ரீஸ்_யூசர்_செஷன்ஸ்=ஃபால்ஸ்’ என்ற சூழல் மாறியை, பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் மதிப்பைச் சிறிய எழுத்துகளிலும், சிஸ்டம்டி-சஸ்பெண்ட் சர்வீஸுக்குக் கொடுத்தால் பழைய நடத்தை திரும்பும்.

அறிகுறி: கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, மொத்தமாக உறைந்துவிட்டது

முதலில் மேஜிக் சிஸ்ஆர்க்யூவை முயலுங்கள். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் அழுத்திக்கொண்டே எஸ், யு, பி (S, U, B) மூன்றையும் ஒவ்வொன்றாக, இடையில் சற்று நேரம் விட்டு அழுத்த வேண்டும். எஸ் டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதும், யு கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி ரீபூட் செய்யும். உபுண்டுவில் ‘கெர்னல்.சிஸ்ஆர்க்யூ’ மதிப்பு 176 என்று இருக்கும், அதில் இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு. ஃபெடோராவில் 16 மட்டும்தான், அதாவது எஸ் மட்டும் வேலை செய்யும், சோதனைக் காலத்தில் மதிப்பை 1 ஆக்கிக்கொள்ளுங்கள். பி அழுத்தி ரீபூட் ஆனால் கெர்னலின் அடிமட்டம் இன்னும் விசைப்பலகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தொங்கியது ஒரு டிரைவராக இருக்க வாய்ப்பு அதிகம். பேனிக் ஆகியிருந்தால் ரீபூட்டுக்குப் பிறகு /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் கோப்பகத்தைப் பாருங்கள், கெர்னல் சாகும் முன் யுஇஎஃப்ஐ நினைவகத்தில் எழுதி வைத்த கடைசி வரிகள் அங்கே வந்து சேர்ந்திருக்கலாம்.

இதற்கு மேல்தான் உண்மையான கண்டுபிடிப்பு வேலை. கெர்னலிலேயே இதற்கான கருவி இருந்தும் பலருக்கு அது தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். ‘/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்’ என்று ஒரு கோப்பு உண்டு. அதில் ஃப்ரீஸர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், புராசசர்ஸ், கோர் என்ற ஐந்தில் ஒன்றை எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்தால், அந்தப் படி வரைக்கும் மட்டும் போய், 5 விநாடி நின்று, தானே திரும்பிவிடும். உண்மையாகத் தூங்காது. எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஃப்ரீஸர் தேறி டிவைசஸில் தொங்கினால் குற்றவாளி ஒரு டிரைவர்தான், ஃபர்ம்வேரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கோர் வரை ஐந்தும் தேறி உண்மையான தூக்கத்தில் மட்டும் விழுகிறது என்றால் சந்தேகம் ஃபர்ம்வேருக்குத் திரும்புகிறது. எஸ்2ஐடில் மெஷினில் முதல் மூன்று படிகளே பொருந்தும். சோதனை முடிந்ததும் ‘நன்’ என்று எழுதி பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

டிவைசஸில் தொங்குகிறது, எந்த டிரைவர் என்று தெரியவில்லை. அப்போது மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. வைஃபை, புளூடூத், கேமரா, கார்டு ரீடர், டச்பேட், தண்டர்போல்ட் என்று வெளி ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ‘மாட்ப்ரோப் -ஆர்’ கொடுத்து மாட்யூலை நீக்கிவிட்டு மறுபடி சோதனை, தேறினால் பிடித்துவிட்டீர்கள்.

அதிலும் சிக்கவில்லையென்றால் கடைசி ஆயுதம் ‘/சிஸ்/பவர்/பிஎம்_ட்ரேஸ்’. அதில் 1 என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்தால், ஒவ்வொரு சாதனத்தைத் தொடும்போதும் கெர்னல் ஒரு அடையாள எண்ணை மதர்போர்டின் கடிகாரத்தில் எழுதிக்கொண்டே போகும், மின்சாரம் துண்டித்தாலும் அழியாமல் மிஞ்சும் இடம் அதுதான் என்பதால். தொங்கியதும் பவர் பட்டனைப் பிடித்து அணைத்து, 3 நிமிடத்துக்குள் மறுபடி பூட் செய்துவிட வேண்டும், தாமதித்தால் கடிகாரம் நகர்ந்து எண் மாறிவிடும். பிறகு டீமெசேஜில் ‘மேஜிக் நம்பர்’, ‘ஹாஷ் மேட்சஸ்’ என்று தேடினால் கடைசியாகத் தொட்ட சாதனத்தின் பெயர் வரும். ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று சாதனங்கள் பொருந்தி வருவதும் உண்டு, அப்போது இரண்டு முறை செய்து இரண்டிலும் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்தால் கணினியின் தேதி கண்டபடி மாறியிருக்கும். நெட்டில் இணைத்து நேரத்தைச் சரிசெய்யும் வரை அந்த மெஷினில் முக்கியமான கோப்புகளைத் தொடாதீர்கள், தேதி தவறினால் பேக்கப் மென்பொருள்கள் குழம்பிவிடும்.

சோதனைக்காக மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டாம், ‘ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 30’ என்று கொடுத்தால் தூங்கி 30 விநாடியில் தானே எழும். முதல் தூக்கம் சரி, மூன்றாவதில் விழுகிறது என்ற வகைக் கோளாறுக்கு இதையே ஒரு சின்ன ஷெல் லூப்பில் போட்டு ஓடவிடலாம்.

அறிகுறி: எழுகிறது, லாகினும் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகச் சாகிறது

இது தந்திரமான கோளாறு, ஏனென்றால் லாக்கில் தடயமே இருக்காது. எழுந்ததும் எல்லாம் சாதாரணமாகத் தெரியும். ஏற்கனவே திறந்திருந்த டெர்மினலில் ‘சிடி’ வேலை செய்யும், ‘எக்கோ’ வேலை செய்யும், காரணம் அவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. ‘எல்எஸ்’ கூட ரேமில் தங்கியிருந்தால் ஓடும். அப்புறம் புதிதாக எதையாவது, சும்மா ஒரு ‘விம்’மையோ ‘டாப்’பையோ திறக்கப் போனால் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ என்று வரும். சில நிமிடத்தில் டெஸ்க்டாப்பும் போகும். என்விஎம்இ டிஸ்க் தூங்கிவிட்டு எழவில்லை. எழுத டிஸ்கே இல்லாதபோது ஜர்னலில் எதுவும் பதிவாகாது, அதனால்தான் மறுநாள் லாக்கைப் பார்த்தவர்கள் ‘ஒன்றுமே இல்லையே’ என்கிறார்கள்.

இதை இப்படிப் பிடிக்கலாம். தூங்க வைக்கும் முன் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் லாகின் செய்து ‘டீமெசேஜ் -டபிள்யூ’ என்று ஓடவிடுங்கள். அது ரேமில் ஏற்கனவே ஏறிவிட்டது, டிஸ்க் போனாலும் புது வரிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் திரையில் இருந்தபடியே மூடித் திறங்கள். ‘என்விஎம்இ0: கண்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட்’ என்று தொடங்கி சிஎஸ்டிஎஸ் மதிப்பு எல்லாம் எஃப் எஃப்பாக ஒரு வரி வந்தால் சந்தேகமே வேண்டாம், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பு முழுக்க எஃப் என்றால் சாதனம் பிசிஐ பஸ்ஸில் பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம்.

மருந்து மூன்று, இந்த வரிசையில். முதலில் எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், உண்மையான தீர்வு அதுதான். இல்லையென்றால் ‘என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0’ என்று கொடுத்து டிஸ்க் தானாக ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைக்குப் போவதைத் தடுக்கலாம். எஸ்2ஐடில் மெஷின்களில் ‘என்விஎம்இ.நோஏசிபிஐ=1’ சில சமயம் கைகொடுக்கும். ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்’ என்பதைக் கடைசி வரை தொடாமல் இருப்பதே நல்லது, அது எல்லா பிசிஐ சாதனங்களின் மின்சேமிப்பையும் ஒட்டுமொத்தமாக அணைத்துவிடும். முக்கியமாக, இந்தக் கோளாறு இருக்கும்வரை சேமிக்காத வேலையோடு லேப்டாப்பை மூடாதீர்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் மறைந்தால் கோப்புகள் கெடும்.

அறிகுறி: தூங்கவே மறுக்கிறது, திரை ஒரு கணம் அணைந்து திரும்பி வருகிறது

லாக்கில் ‘ஃப்ரீசிங்’, ‘ஃபெயில்ட் ஆஃப்டர் 20’ என்று வருகிறதா? ஏதோ ஒரு புராசஸ் உறைய மறுத்திருக்கிறது, 20 விநாடி காத்திருந்துவிட்டு கெர்னல் கைவிட்டிருக்கிறது. அந்த வரிக்குக் கீழேயே புராசஸின் பெயர் இருக்கும். எஸ்எஸ்எச்எஃப்எஸ், என்எஃப்எஸ், ஆர்குளோன் போன்ற நெட்வொர்க் மவுன்ட்கள்தான் அடிக்கடி மாட்டும்: நெட் ஏற்கனவே போய்விட்டது, ஆனால் ஒரு புரோகிராம் அந்த மவுன்ட்டிலிருந்து பதிலுக்குக் காத்து நிற்கிறது, காத்து நிற்பதை உறைய வைக்க முடியாது. தூங்கும் முன் அன்மவுன்ட் செய்தால் போதும்.

ஃப்ரீஸர் தாண்டிவிட்டது ஆனால் ஒரு சாதனம் மறுக்கிறது என்றால் ‘/சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்’ கோப்பகத்தில் ‘லாஸ்ட்_ஃபெயில்ட்_டெவ்’ என்ற கோப்பு அந்தச் சாதனத்தின் பெயரையே சொல்லிவிடும். கெர்னல் லாக்கில் என்ட்ரி வரியே இல்லையென்றால் விஷயம் கெர்னல் வரை போகவே இல்லை. ‘சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்’ அடித்து யார் தடுக்கிறார்கள் என்று பாருங்கள். வெளி மானிட்டர் இணைத்திருக்கும்போது மூடினால் தூங்காமல் இருப்பது கோளாறே இல்லை, லாஜின்டியின் வழக்கமான அமைப்பு அதுதான். மாற்ற வேண்டுமென்றால் லாஜின்டி.கான்ஃப் கோப்பில் ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்டாக்ட்’ என்ற வரியை மாற்றுங்கள்.

அறிகுறி: தூங்கியதும் எழுந்துவிடுகிறது, அல்லது பையிலிருந்து எடுத்தால் கொதிக்கிறது

‘/ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப்’ கோப்பில் யார் யாருக்கு எழுப்பும் உரிமை இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். எக்ஸ்எச்சி என்று தொடங்குவது யுஎஸ்பி, பெரும்பாலும் வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் இதன் வழியாகத்தான் எழுப்பும். அந்தப் பெயரை அதே கோப்பில் எழுதினால் உரிமை போய்விடும். கவனம், மறுபடி எழுதினால் திரும்பி வந்துவிடும், இது இரண்டு பக்கமும் மாறும் சுவிட்ச். ரீபூட் ஆனதும் பழையபடி ஆகிவிடுவதால், ஒத்துவந்தால் ஒரு சிஸ்டம்டி சர்வீஸாகவோ யுடெவ் விதியாகவோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யார் எழுப்பியது என்று நேரடியாகக் கேட்க ‘/சிஸ்/பவர்/பிஎம்_டீபக்_மெசேஜஸ்’ கோப்பில் 1 எழுதிவிட்டுத் தூங்க வையுங்கள். எழுந்ததும் டீமெசேஜில் ‘ட்ரிகரிங் வேக்அப் ஃப்ரம் ஐஆர்க்யூ’ என்று ஒரு எண்ணோடு வரும். எண் 1 என்றால் விசைப்பலகை. 9 என்றால் ஏசிபிஐ, அதாவது மூடி, பவர் பட்டன், சார்ஜர், எம்பெடட் கண்ட்ரோலர் இவற்றில் ஒன்று. மூடியின் காந்த சென்சார் பையில் அழுந்தும்போது விட்டுவிட்டு வேலை செய்வதும் உண்டு, அப்படியானால் மூடிக்கான எழுப்பும் உரிமையை எடுத்துவிட்டு பவர் பட்டனால் மட்டும் எழுப்பிக்கொள்ளலாம்.

யாரும் எழுப்பவில்லை, ஆனாலும் சூடாகிறது, பேட்டரி இறங்குகிறது என்றால் எஸ்2ஐடில் ஆழமான நிலையை எட்டவே இல்லை. இன்டெலில் ‘/சிஸ்/கெர்னல்/டீபக்/பிஎம்சி_கோர்’ கீழே ‘எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்சி_யுசெக்’ கோப்பைத் தூக்கத்துக்கு முன்னும் பின்னும் படியுங்கள், எண் ஏறவே இல்லையென்றால் சிபியு ஆழமாகத் தூங்கவில்லை. ஏஎம்டிக்கு அவர்களே வெளியிட்ட ‘ஏஎம்டி-எஸ்2ஐடில்’ என்ற கருவி இருக்கிறது, ஓடவிட்டால் எது தடுக்கிறது என்று பெயரோடு சொல்லும். ஏஎம்டி லேப்டாப் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடும் முன் இதைத்தான் ஓட்ட வேண்டும், அவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: வைஃபை மட்டும் வரவில்லை

சுலபமானது. ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ பார்த்து பிளாக் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வைஃபை மாட்யூலை நீக்கித் திரும்ப ஏற்றுங்கள். வந்துவிட்டால் ‘/யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப்’ கோப்பகத்தில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்தால் போதும். தூங்கும் முன் முதல் ஆர்கியுமென்ட் ‘ப்ரீ’ என்றும் எழுந்த பின் ‘போஸ்ட்’ என்றும் வரும், ப்ரீயில் நீக்கி போஸ்டில் ஏற்ற வேண்டும். ஸ்கிரிப்டுக்கு எக்ஸிகியூட் அனுமதி கொடுங்கள், ஓடாமல் இருப்பதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

அறிகுறி: திறந்தால் புதிதாக பூட் ஆகிறது

எழவில்லை, ஆனால் தொங்கவும் இல்லை, லோகோ வந்து புதிதாகத் தொடங்குகிறது. எஸ்3-இல் ரேமுக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் இப்படி ஆகும். சார்ஜரில் இருக்கும்போதும் பேட்டரியில் இருக்கும்போதும் தனித்தனியாகச் சோதியுங்கள். பேட்டரியில் மட்டும் என்றால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். இரண்டிலும் என்றால் மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு ஓடட்டும், ரேமை நீங்களே மாற்றியிருந்தால் பழையதைப் போட்டும் பாருங்கள். இரண்டும் சுத்தம் என்றால் பயாஸ் அப்டேட், அதற்கும் பிறகு எஸ்2ஐடிலுக்கு மாறுவது. டாக்கில் (டாக்கிங் ஸ்டேஷனில்) இணைத்துத் தூங்க வைத்து, தூக்கத்திலேயே டாக்கைப் பிடுங்கி எடுத்தால் மட்டும் இப்படி ஆகிறது என்றால் தண்டர்போல்ட் பக்கம் தேடுங்கள்.

ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) செய்து எழுப்பினால் புதிதாக பூட் ஆவது வேறு கணக்கு. ஸ்வாப் போதுமான அளவு இருக்கிறதா, ‘ரெஸ்யூம்=’ பாராமீட்டர் சரியான பார்ட்டிஷனைக் காட்டுகிறதா என்று பாருங்கள். செக்யூர் பூட் இயங்கினால் பல டிஸ்ட்ரோக்களில் கெர்னல் லாக்டவுன் ஹைபர்னேட்டையே தடுத்துவிடும், லாக்கில் அந்தச் சொல்லே இருக்கும்.

அறிகுறி: போன வாரம் வரை சரியாக இருந்தது

இப்படிச் சொல்ல முடிந்தால் மேலே உள்ள எதையும் செய்யாமல் முதலில் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்யுங்கள். அதில் சரியாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது ரிக்ரெஷன், அதாவது முன்பு சரியாக இருந்தது புதுப் பதிப்பில் கெட்டது, கெர்னல் ஆட்கள் மிக மதிக்கும் தகவல் அதுதான். கடைசியாக வேலை செய்த பதிப்பு, முதலில் விழுந்த பதிப்பு, லேப்டாப் மாடல், பயாஸ் பதிப்பு, மெம்_ஸ்லீப் எதில் இருந்தது, பிஎம்_டெஸ்ட் எந்தப் படியில் விழுந்தது, இவற்றோடு டீமெசேஜ் முழுவதையும் வெட்டாமல் இணைத்து உங்கள் டிஸ்ட்ரோவின் பக் டிராக்கரில் பதியுங்கள். கிராபிக்ஸ் கோளாறு என்று உறுதியானால் ஃப்ரீடெஸ்க்டாப்பின் கிட்லேப்பில் அந்தந்த டிரைவருக்கான இடம் இருக்கிறது. என்விடியாவின் சொந்த டிரைவர் ஏறியிருக்கும் கெர்னலின் லாக்கை கெர்னல் ஆட்கள் பொதுவாக ஏற்க மாட்டார்கள், முடிந்தால் அது இல்லாமல் ஒருமுறை நடத்திக்காட்டுங்கள்.

பதில் வரும்வரை பழைய கெர்னலிலேயே இருக்கலாம். டெபியன், உபுண்டுவில் ‘ஏபிடி-மார்க் ஹோல்டு’ கொடுத்து அந்தக் கெர்னல் பேக்கேஜைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் அடுத்தடுத்த அப்டேட்டில் ஆட்டோரிமூவ் அதைத் துடைத்துவிடும். ஃபெடோரா பழைய கெர்னல்களில் சிலவற்றை மட்டுமே வைத்திருக்கும், டிஎன்எஃப் அமைப்பில் ‘இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்’ எண்ணைக் கூட்டிவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் பழைய கெர்னலுக்கு வராது என்பதால், புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஆர்டிசிவேக்கில் ஒருமுறை சோதித்துப் பார்த்து, தேறியதும் ஹோல்டை எடுத்துவிட வேண்டும்.